கடைப்பந்தி

(மண்டலாபிஷேக நாட்களுள் ஒன்றில் திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவருள் கூட்டுவிக்க, குடமுழுக்கு இனிது நிறைவேறியது. மண்டலாபிஷேகம் நடைபெறும் இந்நாட்களில் நாளுக்கொரு பொருள் பற்றி ஒருவர் பேசுதல் வேண்டும் என்று வகுத்த திருப்பணிக் குழுவினர், ‘அடியார்க்கு அமுது’ என்னும் பொருளை அடியேனுக்கு அளித்தனர். பெரும்பொருள் அது. இளையான்குடி மாறனார் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் சாயரட்சைக்கு மணி அடித்துவிடும். ஆதலின் அதனுள் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதியோர்க்கும், பெற்றோரை இழந்த குழந்தைகட்கும், மனநலம் குன்றியோர்க்கும் இப்பகுதியில் காப்பில்லங்கள் பல உள. அவற்றிற்கு நம் அன்பர்கள் உணவு எடுத்துச் செல்கிறார்கள்; சிறிது நேரம் உடனிருந்து வருகிறார்கள். அப்பணி எவ்வாறு நிகழ்தல் வேண்டும் என்பதே இன்று யான் பேசப் புகும் பொருள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பேருந்துப் பலகைகளில் நாம் படிக்கும் ஊர்களைச் சுற்றித் திருத்தொண்டர் வரலாறு விரிந்து கிடக்கின்றது. ஆவடிக்கு மேற்கே திருநின்றவூர். பூசலார் மனத்தினுள் கோயில் எடுத்த ஊர். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமானை, ‘நீ குறித்த நாளைத் தள்ளி வை, அன்று நாம் பூசலார் எடுத்த கோயிலிற் புகுவோம்’ என்று இறைவன் கனவிற் பணித்த வரலாற்றைக் குடமுழுக்குக் காலத்தில் நினையாதார் இலர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில். பூந்தமல்லிக்கு அணித்தே திருவேற்காடு. ஞானசம்பந்தர் பாடிய தலம். மூர்க்க நாயனார் அவதரித்த ஊர். கார்த்திகை மூலத்தன்று அவர் குருபூசையை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அவர் செய்த செயலுள் ஒன்றைப் போதிய அளவு எண்ணிப் பார்த்தோமா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அவர் வரலாறு நீங்கள் அறிந்ததே. வேளாளர் குலத்தவர். அடியாரை அமுது செய்வித்து, அதன் பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டவர். நிலமும் அடிமையும் விற்றுப் பொருள் தீர்ந்தது. இளமையிற் கற்ற சூதே எஞ்சிய முதல். உள்ளூரிற் பொருவார் இல்லாமற்போகவே, ஊரூராகச் சென்று குடந்தையை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தோற்பார், அடுத்தடுத்து வெல்வார், வென்ற பொருளைத் தர மறுத்தாரைச் சுரிகையாற் குத்துவார். மூர்க்கர் என்னும் பெயர் அதனால் வந்தது. சூதாட்டம் நல்லதா என்று மாணவர் கேட்பதுண்டு. அந்த வினாவுக்கு இன்று இடமில்லை; சூதைப் பின்பற்றுமாறு இங்கு யாரையும் யான் தூண்டவும் இல்லை. யான் காட்ட விரும்புவன வேறு இரண்டு செய்திகள். வென்ற பொருளை அவர் கையால் தீண்டவில்லை; அமுதாக்குவோர் அதனை எடுத்துக்கொண்டனர். அடியார் எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து தாமும் உண்டார்.

கடைப்பந்தி என்னும் அச்சொல்லில் சற்றே நிற்போம். அவர் வீட்டுக்குச் சென்று தனியே உண்ணவில்லை. ‘என் கடமை முடிந்தது’ என்று வாயிலிலிருந்தே விடைபெறவும் இல்லை. சமைத்தது யாது, உப்புக் கூடியதா குறைந்ததா, யார் வயிறார உண்டார், யார் இலையில் மீதம் கிடக்கின்றது என்பவையெல்லாம் கடைப்பந்தியில் அமர்ந்தவனுக்குத்தான் தெரியும். பிறர்க்கு இட்ட சோற்றைத் தானும் உண்ண வேண்டியவன், புளித்த சோற்றை இட மாட்டான்.

தமிழிற் சோறிடுதலைக் குறிக்கும் வினைகளை நோக்குங்கள். கஞ்சி ஊற்றுகிறோம். சோறு போடுகிறோம். அமுது படைக்கிறோம். விருந்தினர்க்கோ பரிமாறுகிறோம். முன்னவை ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்கும் செயல். பரிமாறுதல் அத்தன்மைத்தன்று. கருத்தைப் பரிமாறுகிறோம், பண்டத்தைப் பண்டமாற்றாகப் பரிமாறிக்கொள்கிறோம். இலையில் சோறு வைப்பதற்கும் நம் முன்னோர் அச்சொல்லையே ஆண்டனர். அங்கே இருபாலும் ஏதோ ஒன்று மாற வேண்டும் என்பது குறிப்பு.

சென்னைப் பட்டினத்தின் வரலாற்றிலேயே இவ்விரு வகையும் உண்டு. ஐதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் நாட்டை வருத்திய 1782-ஆம் ஆண்டில், வடசென்னையில் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்க ஓர் இடம் ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். அதனை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையைப் பழைய சென்னைவாசிகள் கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி என்றே அழைத்தனர்; இன்று அது ஸ்டான்லி மருத்துவமனை. அப்பெயரில் உள்ள தொட்டியைக் கவனியுங்கள். பஞ்ச காலத்தில் அதுவே பேருதவி. குறை கூறுவார் யார்? ஆயினும் பஞ்சம் தீர்ந்த பின்னரும் தொட்டியில் ஊற்றும் மனப்பாங்கு தீராமல் நம்மிடம் தங்கிவிட்டது. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, ஒற்றியூருக்கு நடந்து நடந்து வழிபட்ட வள்ளற்பெருமான், 1867-ஆம் ஆண்டு மே 23-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது காக்கப்படுகிறது. அதற்கு அவர் இட்ட பெயரைப் பாருங்கள், தருமச்சாலை. சாலை என்பது வந்தவர் அமரும் இடம். தொட்டிக்கும் சாலைக்கும் உள்ள தொலைவு பெரிது.

இனி, நம் பகுதிக்கு வருவோம். இங்கே இத்தனை இல்லங்கள் ஏன் அமைந்தன? நகரின் விளிம்பில் நிலம் மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. திருநெல்வேலி, தஞ்சை, ஆந்திரம், மலையாளம் எனப் பல திசைகளிலிருந்தும் இளைஞர் வந்து சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு உறங்கினர். சொந்த ஊரை விட்டு வந்தவர்கட்கு இங்கே பங்காளி இல்லை, மாமன் மைத்துனன் இல்லை. பிள்ளைகள் படித்துக் கடல் கடந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தோர் ஏறத்தாழ 75 லட்சம். நூற்றுக்குப் பத்துப் பேர். பெற்றோரைப் பேணாத மக்களிடம் பராமரிப்புத் தொகை பெற்றுத் தர 2007-இல் நடுவணரசு சட்டம் இயற்றிற்று. சட்டம் பணத்தை வாங்கித் தரும். மாலை வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘இன்று முழங்கால் வலி எப்படி?’ என்று கேட்க எந்தச் சட்டத்தால் இயலும்?

இல்லங்களை நடத்துவோரை வணங்குகிறேன். மூர்க்க நாயனாரின் திருவேற்காட்டிலேயே, 1983-இல் வித்யாகர் தொடங்கிய ‘உதவும் கரங்கள்’ அமைப்பின் இல்லம் உளது; தெருவிற் கைவிடப்பட்டோரும் மனநலம் குன்றியோரும் அங்கே அடைக்கலம் பெற்றுள்ளனர். பூசலாரின் திருநின்றவூரை அடுத்த கசுவா சிற்றூரில், 1988-இல் முரளிதரன் தொடங்கிய ‘சேவாலயா’ பள்ளியும் முதியோர் இல்லமும் குழந்தைகள் இல்லமும் நடத்தி வருகிறது. பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி 1931 முதல் இருந்து வருகிறது. நாயன்மார் பிறந்த மண்ணில் இவை அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் விரும்பியவாறு கொள்க.

இவ்வாறு பெயர் பெற்றவை சில. பெயர் தெரியாத சிற்றில்லங்கள் பல. அத்தகைய ஓர் இல்லத்திற்கு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செல்லும் அன்பர் குழாம் ஒன்றுடன் யானும் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். ஓய்வு பெற்ற தொழிலாளர் நால்வர், ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர் இருவர் மூவர், அவ்வளவே. பெரிய எவர்சில்வர் தூக்குகளில் சாம்பார் சாதமும் தயிர்ச் சாதமும் வரும். வாழையிலைக் கட்டு ஒன்று வரும். என் வேலை தேவாரம் ஓதுவதும், கேட்பார்க்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதும்.

அங்கே ஒரு பெரியவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். எத்தனை வற்புறுத்தினாலும் உணவைத் தொட மாட்டார். பணியாளர் சலித்துப்போய், ‘பிடிவாதக்காரர்’ என்று விட்டுவிட்டனர். ஒரு நாள் நம் அன்பர்களுள் ஒருவர், அவரும் ஆலைத் தொழிலாளிதான், தம் இலையை எடுத்துச் சென்று அப்பெரியவர் அருகே போட்டுக்கொண்டு, தமக்கும் சோறு வைத்துக்கொண்டு அமர்ந்தார். ‘அண்ணே, இரவு முறையில் சாப்பாட்டு மணி எத்தனைக்கு அடிப்பாங்க உங்க கம்பெனியிலே?’ என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லத் தொடங்கியவர், சொல்லிக்கொண்டே உண்டு முடித்தார். நாற்பது ஆண்டு பத்துப் பேர் நடுவே அமர்ந்து தூக்குவாளியைத் திறந்து உண்ட மனிதர் அவர். தனியே உண்ணத் தெரியவில்லை. அவ்வளவுதான் நோய்.

அதே இல்லத்தில் ஓர் ஆச்சி ஒரு மாணவனிடம் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்: ‘சோறு வருதுப்பா, தினமும் வருது. நீ கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ.’

யான் இளமையிற் பயின்ற திருமடத்தில் மாகேசுர பூசை நாட்களில் மாணாக்கர்க்குப் பரிமாறும் பணி உண்டு. அமர்ந்த அடியாரைச் சிவமாகவே எண்ணி, திருவடி விளக்கி, தூபதீபம் காட்டிய பின்னரே அமுது படைப்பர். எங்கள் ஆசிரியர் சொல்லுவார்: ‘இலையைப் பார்த்துப் பரிமாறாதே, முகத்தைப் பார்த்துப் பரிமாறு.’ இலையைப் பார்ப்பவனுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது தெரியும். முகத்தைப் பார்ப்பவனுக்குப் போதுமா போதாதா என்பது தெரியும். அந்த மரபில் வணங்குபவர் இடுபவர், வணங்கப்படுபவர் உண்பவர். இன்று பல இல்லங்களில் இது தலைகீழாக நிகழ்கின்றது. பிறந்தநாள் என்று ஒரு குடும்பம் வருகிறது. குழந்தைகளை வரிசையில் நிறுத்தி வாழ்த்துப் பாடச் செய்கிறார்கள். பசித்த பிள்ளை கைகட்டி நின்று பாடி முடித்த பின்னரே பந்தி. பிறகு கைப்பேசியில் படம். குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தையும் அடையாளத்தையும் வெளியிடலாகாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு தடுக்கின்றது. மீறினால் தண்டனையும் உண்டு. சட்டம் இல்லாவிடினும், நம் வீட்டுக்கு வந்த விருந்தினர் வாயில் கவளத்தோடு இருக்கையில் நாம் படம் பிடிப்போமா? மூர்க்கர் தாம் வென்ற பொருளைக் கையால் தீண்டவும் இல்லை என்றேன். ‘என்னால் இடப்பட்டது’ என்னும் எண்ணம் கையில் ஒட்டாதிருத்தற்கு அவர் கண்ட வழி அது என்பது என் கருத்து.

இனிச் சுந்தரரிடம் வருகிறேன். ஏனெனில் உடனிருத்தல் என்பதன் மறுபக்கத்தை அவர் வரலாறே காட்டுகின்றது. திருவொற்றியூரில் மகிழடியில், ‘உன்னைப் பிரியேன்’ என்று சங்கிலியார்க்குச் சூளுரைத்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு ஈர்க்க, ஊரெல்லையைக் கடந்தார். கண்ணொளி மறைந்தது. அவர் அங்கிருந்து வந்தடைந்த தலம் எது? நம் வடதிருமுல்லைவாயில். அங்கே பதிகம் பாடிய பின் திருவெண்பாக்கம் சென்றார். பூண்டி நீர்த்தேக்கத்துள் அப்பழைய கோயில் மூழ்க, வேறிடத்தில் எடுக்கப்பெற்ற கோயிலை இன்று காண்கிறோம். கண்ணிழந்த ஒருவர் அத்தனை தொலைவு தனித்து நடந்திருத்தல் அரிது. இந்த அம்பத்தூர், ஆவடிப் பாதையில் யாரோ ஒருவர் அவர் கையைப் பற்றியிருக்க வேண்டும் என்று யான் நினைப்பதுண்டு.

வெண்பாக்கத்தில் அவர், ‘கோயிலுள் இருக்கின்றீரோ?’ என்று வினவினார். இறைவன் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தான். இருக்கின்றோம் என்று விடை சொன்னான். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும் பின்னர்க் கிடைத்தன. காப்பில்லத்துக்குச் செல்லும் நம் நிலையை இதனோடு வைத்து எண்ணுங்கள். இழந்த மகனை நாம் திருப்பித் தர முடியாது. தெளியாத சித்தத்தைத் தெளிவிக்க நம்மால் ஆகாது. ஒரு கோலும், ‘இருக்கிறோம்’ என்ற ஒரு சொல்லும் நம் கையில் உள்ளன.

ஆனால் அச்சொல்லைத் தந்தபின் காத்தல் வேண்டும். பணிசெய்யும் அன்பர்கள், சிறப்பாக இளைஞர்கள், விடைபெறும்போது எளிதாகச் சொல்லும் ஒன்று உண்டு: ‘அடுத்த ஞாயிறு வருகிறேன் பாட்டி.’ அவர்கள் மறந்துவிடுவார்கள், தேர்வு வரும், வேலை கிடைக்கும். பாட்டி மறப்பதில்லை. அந்த ஞாயிறு காலையே தலைவாரி, வெளித்திண்ணையில் வந்து அமர்வதை யான் கண்டிருக்கிறேன். குழந்தைகளிடம் இது இன்னும் கொடிது. விட்டுப் போனவர்களின் வரிசையில் மேலும் ஒருவர் சேர்கிறார். வர இயலாதவன் வருகிறேன் என்று சொல்லாதிருப்பதே நன்று. மகிழடியிற் சொன்னாலும் முதியோர் இல்லத்து வாயிற்படியிற் சொன்னாலும் சூள் சூளே.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘சேக்கிழார் கூறும் அமுது அடியார்க்கே உரியது, இல்லத்தில் இருப்போர் எல்லாரும் திருநீறணிந்தவரோ? கிறித்தவர் இருப்பர், இசுலாமியர் இருப்பர்’ என்று சைவப் புலமை மிக்க நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். திருமூலரை அவர்க்கு விடையாகக் காட்டினேன். எல்லார்க்கும் இயலும் அறங்களை நாயனார் எண்ணுகையில், இறைவற்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயளவு புல், உண்ணப் புகும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, பிறர்க்கு ஓர் இனிய சொல் என்று வரிசைப்படுத்துகின்றார். பிறர் என்றாரே அன்றி அடியார் என்றாரில்லை. சோற்றுக்கு அடுத்த படியில் இன்சொல்லை வைத்தாரே, அது நம் பொருளுக்கு எத்துணைப் பொருத்தம்! நண்பர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு உடன் வந்தார், அது போதும். உணவு எடுத்துச் செல்லும் இடத்தில் யாரையும் திருநீறு பூசிக்கொள்ளும்படியோ பதிகம் பாடும்படியோ வேண்டலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேட்பார்க்கு ஓதுவோம், கேளாதார்க்குச் செய்தித்தாள் படிப்போம்.

உலகியற் செய்திகள் சிலவும் உண்டு. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தான். அப்பர் மடத்தில் அடியார் உரிய நேரத்தில் உண்டனர். சம்பந்தர் மடத்தில் நேரம் தாழ்ந்தது. அவர் பெற்ற காசு வட்டம் கொடுத்து மாற்ற வேண்டிய காசு. பிள்ளையார் அதனைச் சிறு செய்தி என்று விடவில்லை. வாசி தீர்ந்த காசு வேண்டிப் பதிகமே பாடினார். சோறு காலத்தோடு சேர்தல் அத்துணை இன்றியமையாதது. நீரிழிவு உடையோர் பலர் உள்ள இல்லத்தில் பன்னிரண்டரை மணிச் சோறு இரண்டு மணிக்கு வந்தால் அது உதவியாகாது. சித்திரை வெயிலில் காலையிற் கட்டிய தயிர்ச் சாதம் நண்பகலில் புளித்துவிடும். இனிப்பு யார்க்கு ஆகும், பல் இல்லாதார் எத்தனை பேர், குழைய வடிக்க வேண்டுமா என்பவற்றை முன்னாளே இல்லத்தாரைக் கேட்டறிதல் வேண்டும். நெகிழிப் பைகளும் தாள்களும் 2019-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இலையும் பாத்திரமும் இருக்க அவை நமக்கு எதற்கு?

இவற்றினும் பெரிய செய்தி, நாள். தீபாவளியன்று ஓர் இல்லத்துக்கு நான்கு குடும்பங்கள் உணவு கொண்டுவருகின்றன. மூன்று வீட்டுச் சோறு வீணாகின்றது. பொங்கலும் ஆங்கிலப் புத்தாண்டும் அப்படியே. ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆனி வெயிலில் ஒரு புதன்கிழமை, அன்று வாயிலில் யாரும் இல்லை. நமக்குச் சிறப்பான நாளில் அவர்கட்குப் பசிக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆதலின் திருப்பணிக் குழுவினரிடம் ஒன்று வேண்டினேன், அவர்களும் இசைந்தனர். மண்டலாபிஷேகம் நிறைவுற்ற பின், நம் திருக்கோயில் மடைப்பள்ளியிலிருந்து வாரந்தோறும் புதன்கிழமை நண்பகல், அருகிலுள்ள இல்லத்து முதியோர் நாற்பத்திரண்டு பேர்க்கு உணவு செல்லும். அலுவலகத்தில் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் இரண்டு பகுதிகள். அரிசி, பருப்பு, பொருள் தருவோர் பெயர் ஒரு பகுதியில். உடன் சென்று, அமர்ந்து, கடைப்பந்தியில் உண்டு திரும்புவோர் பெயர் மற்றொன்றில். முதற்பகுதி தை மாதம் வரை நிறைந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் நேற்று மாலை வரை ஒன்பது பெயர்கள். முதல் மூன்று புதன்கிழமைகட்கு மும்மூவர். நான்காம் புதனுக்கு நேரே இன்னும் எவரும் எழுதவில்லை. குறிப்பேடு எழுத்தரிடம் இருக்கின்றது. சாயரட்சை முடிந்தும் அரைமணி நேரம் அலுவலகம் திறந்திருக்கும்.

திருச்சிற்றம்பலம்.